துரை வீட்டுக் கடிதக்கட்டைப் பிரித்துப் படிக்கும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய பங்களா கைமாறும்போது பரணிலிருந்து கடிதக்கட்டு இறங்கும். இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து யாராவது தங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துக் கடிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பி, இதில் சொல்லியிருக்கும் வீடு இன்னும் இருக்கிறதா, கல்லறை இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். துரைமாரின் கோழிக்கிறுக்கலைப் படித்தே சம்பளம் வாங்கியவன் என்பதால் இந்த வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. இப்போது காலேஜ் பிள்ளைகளும், கைடு வேலை பார்க்கும் தம்பிகளும் எப்படிப் படிப்பது என்று கேட்டு வருகிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில், சரித்திர ஆவணம் என்று பயந்துகொண்டு உட்காராதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிராமத்தில் நிலபுலன் வைத்திருந்த குடும்பம், அதோடு கொள்வினை கொடுப்பினை வைத்திருந்த பாதிரியார் குடும்பம், அந்த வீடுகளிலிருந்து பட்டாளத்துக்கோ கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்கோ கப்பலேறிய இளைய பையன். இவர்களுக்குள் போய்வந்த வீட்டுச் சேதிதான் இதெல்லாம். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு இடம் அமைந்தது, சமையல்காரி ஏன் நின்றுவிட்டாள், குத்தகைப் பணம் வந்ததா. நாம் எழுதிய இன்லண்ட் லெட்டரில் இருந்த அதே விஷயங்கள். தேதியும் உறவும் பிடிபட்டால் முக்கால் வேலை முடிந்தது. மிச்சம் பணக்கணக்கு.

கட்டைத் தொடும் முன்

நம் மலையில் காகிதத்துக்குப் பெரிய பகை ஈரம். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை ஒரு மழை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு மழை. அந்த மாதங்களில் கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பினால் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் ராமபாணப் பூச்சி வரும். பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் பிரியுங்கள். ஆனால் கடிதத்தை வெயிலில் காட்டாதீர்கள். அந்தக் காலத்து மை மாசிக்காயும் அன்னபேதியும் கலந்தது. எழுதிக் காய்ந்ததும் கறுப்பு, வயதாக ஆகத் துரு நிறம். அழுத்தி எழுதிய இடத்தில் அது தாளையே தின்றிருக்கும். மடிப்பில் விரல் பட்டாலே பொடியும்.

துணிக் கையுறை வேண்டாம், தாளின் ஓரம் அதில் மாட்டிக் கிழியும். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டால் போதும். மேஜையில் பேனாவே இருக்கக்கூடாது, பென்சில்தான். செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் கடிதத்தை உயிரோடு புதைப்பதற்குச் சமம். முக்கியமாக, வந்த வரிசையைக் கலைக்காதீர்கள். எந்தக் கடிதம் எதற்குள் மடித்து வைத்திருந்தது என்பதும் ஒரு தகவல்தான்.

ஜன்னல் ஓரத்தில் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். மங்கிய எழுத்துக்குப் போன் டார்ச்சைப் பக்கவாட்டில், மேஜை மட்டத்தில் பிடித்தால் இறகுப் பேனா கீறிய தடம் எழும்பித் தெரியும். அதன்பிறகு படிப்பதெல்லாம் படத்தில்தான்.

தாளைத் திருப்புங்கள்

1840க்கு முன் இங்கிலாந்தில் தபால் கூலி தாள் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்றபடி. பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் கட்டுவார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே ஒரு தாள் போக ஒரு ஷில்லிங்குக்கு மேல். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. ஆகவே உறையே கிடையாது. ஒரு பெரிய தாளை இரண்டாக மடித்து நாலு பக்கமாக்கி, மூன்று பக்கம் எழுதி, நாலாம் பக்கத்தின் நடுவில் விலாசம் எழுதி, மடித்து அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். பிரிக்கும்போது முத்திரை ஒட்டிய இடம் பிய்ந்து வரும். நடுவில் ஓட்டையும் இரண்டு மூன்று வார்த்தைகள் குறைவும் இருந்தால் எலி கடித்தது என்று நினைக்காதீர்கள். பிய்ந்த துண்டு அரக்கின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், வார்த்தையும் அதில் இருக்கும்.

இடம் போதாவிட்டால் இன்னொரு தாள் எடுக்க மாட்டார்கள். எழுதிய பக்கத்தையே கால்வட்டம் திருப்பி, முன்பு எழுதிய வரிகளின் மேலேயே குறுக்கே எழுதுவார்கள். முதன்முதலில் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும், வேறொன்றுமில்லை. படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றில் ஒரு வரி அகலத்துக்கு நீளமாக ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் நேர்வரிகளை நாலு பக்கமும் படித்து முடியுங்கள். பிறகு பிரின்டைத் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி குறுக்குவரிகள். ஜன்னலுக்குள் ஒரு வரி மட்டும் தெரியும்போது குறுக்கே போகிற கோடுகளைக் கண் தானாகவே ஒதுக்கிவிடும். ஒரு பக்கம் முடிவதற்குள் பழகிவிடும்.

இந்தக் குறுக்கு வரிகளையும், விலாசத்துக்கு மேலும் கீழும் உள்ள மடிப்புப் பகுதியையும் அசட்டையாக விட்டுவிடாதீர்கள். கடிதம் எழுதத் தொடங்கித் தபால் கிளம்புவதற்குள் பல நாள் ஓடியிருக்கும். புதிய சேதி அத்தனையும் கடைசியில், இடமில்லாத இடத்தில்தான் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதல் பக்கத்தில் அப்பாவுக்கு உடம்பு தேவலை என்று இருக்கும். முத்திரையின் ஓரத்தில் மறுபடி டாக்டர் வந்துபோனார் என்று இருக்கும்.

விலாசத்தின் கையெழுத்தும் உள்ளே இருக்கும் கையெழுத்தும் வேறாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். அந்தக் காலத்தில் பார்லிமென்ட் மெம்பர் கையெழுத்திட்டால் தபால் கூலி கிடையாது. அதற்காகத் தெரிந்த மெம்பரிடம் போய் விலாசம் எழுதி வாங்கி வருவார்கள். சட்டப்படி அவர் தன் கையாலேயே ஊர், நாள், மாதம், ஆண்டு எல்லாம் முழுசாக எழுத வேண்டும். உள்ளே எழுதிய அம்மாள் வெறுமே ‘செவ்வாய்’ என்று போட்டிருந்தாலும் வெளியே முழுத் தேதி கிடைத்துவிடும். 1840ல் பென்னி தபால் வந்ததும் இந்தச் சலுகை போனது. அரை அவுன்ஸ் எடைக்குள் எத்தனை தாள் வைத்தாலும் ஒரு பென்னி என்று ஆனபிறகுதான் உறை பழக்கமானது. ஆனால் இந்தியாவுக்கு வரும் கடிதத்துக்கு எடை கனத்தால் செலவும் கனக்கும். அதனால் மெல்லிய தாளில் குறுக்கே எழுதுவது நம் பக்கத்துக் கட்டுகளில் வெகுகாலம் நீடித்தது. குறுக்கெழுத்தை மட்டும் பார்த்து 1840க்கு முந்தியது என்று முடிவு கட்டாதீர்கள்.

எழுத்து விஷயத்தில் இரண்டே இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ்ஸை நீட்டி எஃப் மாதிரி எழுதுவார்கள், ‘மிஸ்’ என்பது ‘மிஃப்ஸ்’ போலத் தெரியும். அடுத்தது, வார்த்தையைக் குறுக்கி, கடைசி எழுத்தை மேலே குட்டியாகத் தூக்கி வைப்பது. ஒய் எழுதி மேலே சின்ன ஆர் இருந்தால் அது ‘யுவர்’. மற்றதெல்லாம் ஒவ்வொரு கைக்கும் வேறு. அந்த ஆள் கட்டாயம் எழுதியிருக்கக்கூடிய வார்த்தைகளை, கிழமை, மாதம், தன் கையெழுத்து, இவற்றை முதலில் கண்டுபிடித்து, அதிலிருந்து அவருடைய எழுத்துக்களைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எழுதிய நாள் வேறு, சேர்ந்த நாள் வேறு

ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு தேதி குறித்துக்கொள்ள வேண்டும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மெக்காலேயை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி என்று பேச்சு வந்தாலே நம்மிடம் திட்டு வாங்கும் அதே மெக்காலேதான். 1834 ஜூனில் மதராசில் இறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்ப்பதற்காகப் பல்லக்கில் ஊட்டிக்கு வந்தார். அந்த மழைக்காலத்தை இங்கேதான் கழித்தார். கூடக் கப்பலில் வந்த தங்கை ஹன்னா கல்கத்தாவுக்குப் போய்விட்டார். இன்னொரு தங்கை மார்கரெட் கல்யாணமாகி இங்கிலாந்தில் இருந்தார். ஆகஸ்டில், அண்ணன் ஊட்டி மழையில் இருந்த சமயத்தில், மார்கரெட் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனார். இங்கே யாருக்கும் தெரியாது. டிசம்பரில் ஹன்னாவுக்குச் சார்ல்ஸ் டிரெவிலியனோடு கல்யாணம் நிச்சயமானதைக் கல்கத்தாவிலிருந்து மெக்காலே எழுதுகிறார். யாருக்கு? மார்கரெட்டுக்கு. கல்யாணமும் நடந்தது. சாவுச் சேதி வந்து சேர்ந்தது 1835 ஜனவரியில்.

இந்த இடைவெளி தெரியாமல் படித்தால் அந்த டிசம்பர்க் கடிதத்தின் சந்தோஷம் நமக்கு விபரீதமாகப் படும். நம் கட்டிலும் இப்படி வரும். ‘குழந்தைக்கு என் முத்தம்’ என்று பாட்டி எழுதியிருப்பார். அந்தக் குழந்தையின் கல்லறைத் தேதி கடிதத்துக்கு இரண்டு மாதம் முந்தியிருக்கும். பாட்டியின் மேல் குறையில்லை, கப்பல்தான் இன்னும் நடுக்கடலில் இருந்தது.

கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த பாய்மரக் கப்பல் காலத்தில் நாலிலிருந்து ஆறு மாதம். 1830களின் கடைசியில் எகிப்து வழியாகத் தரைமார்க்கத் தபால் ஒழுங்கானபின் இரண்டு மாதத்துக்குள் சுருங்கியது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்து, இங்கே ரயிலும் பரவியபிறகு மூன்று நாலு வாரம். 1865ல் தரை வழியாகவும் 1870ல் கடலடி வழியாகவும் தந்தி வந்துவிட்டது. அதற்குப் பிந்திய கடிதங்களில் சாவு, பிறப்பு புதுச் சேதியாக இராது. தந்தியில் மூன்று வார்த்தையில் வந்ததற்கு விளக்கம்தான் கடிதத்தில் இருக்கும்.

சேர்ந்த தேதி எங்கே கிடைக்கும்? ஒழுங்கான துரை என்றால் கடிதத்தின் வெளிப்புறத்தில் வந்த நாளையும் பதில் போட்ட நாளையும் குறித்திருப்பார். எங்கள் ஆபீஸில் இன்வர்ட் சீல் அடித்ததற்கு முப்பாட்டன் அந்தப் பழக்கம்.

எழுதிய தேதியே இல்லாவிட்டால் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 1794க்குப் பிறகு பல காகித ஆலைகள் நீர்க்குறியில் ஆண்டையும் பதித்தன. கடிதம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. கிழமையும் தேதியும் மட்டும் இருந்தால் போனில் பழைய காலண்டரைத் தேடிப் பொருந்தும் ஆண்டுகளைச் சலியுங்கள். ‘இன்ஸ்ட்’ என்று இருந்தால் நடப்பு மாதம், ‘அல்ட்’ போன மாதம், ‘ப்ராக்ஸ்’ வரும் மாதம். மார்ச் 3ல் எழுதிய கடிதத்தில் 28 அல்ட் என்றால் பிப்ரவரி 28. ஈஸ்டர் நகரும் பண்டிகை என்பதால் அதைப் பற்றிய ஒரு வரிகூட உதவும். 1818ல் ஈஸ்டர் மார்ச் 22லேயே வந்துவிட்டது, அதைவிட முன்னால் வரவே முடியாது. ஊரே கறுப்பு உடுத்தியதாக எழுதியிருந்தால் அரச குடும்பத்துச் சாவு. 1817 நவம்பரில் இளவரசி சார்லட் பிரசவத்தில் இறந்தார், 1820, 1830, 1837ல் அரசர்கள் போனார்கள், 1861 டிசம்பரில் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்.

உறவு

ஒரு பெரிய தாளில் குடும்ப மரம் போடுங்கள். உறவுப் பெயரை நம் முறையில் எழுதுங்கள். ‘அங்கிள்’ என்று எழுதினால் அது சித்தப்பாவா, பெரியப்பாவா, மாமாவா, அத்தை புருஷனா என்று தெரியாது. மாமா என்று எழுதும்போதே அம்மாவழி என்பது உட்கார்ந்துவிடும். தெரியாதவரை கேள்விக்குறி போட்டு வையுங்கள். மைத்துனனையும் சகலையையும்கூட அவர்கள் தாராளமாகச் சகோதரன் என்றே எழுதுவார்கள். மாமியாரை அம்மா என்பார்கள்.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கல்யாண முறை. சித்தப்பா மகளைக் கட்டுவது நமக்கு நினைத்துப் பார்க்க முடியாதது. அங்கே அப்பாவழி, அம்மாவழி என்ற பேதமில்லாமல் எந்த ஒன்றுவிட்ட சகோதர உறவிலும் கட்டலாம். டார்வின் 1839ல் தன் தாய்மாமன் மகள் எம்மாவைக் கட்டினார். அதை நாம் உடனே ஒப்புக்கொள்வோம். ஆனால் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் கல்யாணம் என்று கடிதம் சொல்லும்போது, இருக்காது, வேறு யாரோ என்று மரத்தை மாற்றிப் போட்டுவிடுவோம். மாற்றாதீர்கள். இதற்கு நேர்மாறாக, அக்காள் இறந்தால் தங்கையைக் கட்டிக்கொடுப்பது நம்மிடம் சர்வசாதாரணம். அங்கே 1835 சட்டத்தின்படி அப்படிச் செய்த கல்யாணம் செல்லாது. 1907ல்தான் அந்தத் தடை நீங்கியது. செத்துப்போன மனைவியின் தங்கை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்து வீட்டோடு இருக்கிறாள் என்றால், கடிதங்களில் அவளைப் பற்றி ஏன் எல்லாரும் இவ்வளவு ஜாக்கிரதையாக எழுதுகிறார்கள் என்பது அப்போது புரியும்.

மிஸ் விஷயம் அடுத்தது. வீட்டில் கல்யாணமாகாத மூத்த பெண்ணுக்கு மட்டும் மிஸ் என்று குடும்பப்பெயர். தங்கைகளுக்கு மிஸ் என்று சொந்தப்பெயர். மூத்தவளுக்குக் கல்யாணமான மறுநாளே இரண்டாமவள் அந்த இடத்துக்கு ஏறிவிடுவாள். ஆகவே 1825ல் வரும் மிஸ்ஸும் 1828ல் வரும் அதே மிஸ்ஸும் ஒருத்தியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கல்யாணமானபின் புருஷன் பேரால்தான் மிஸஸ், பெண்ணின் சொந்தப்பெயர் சகோதரிகள் எழுதும் கடிதத்தில் மட்டும் தலைகாட்டும். குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள், அதையும் கவனியுங்கள். நடுப்பெயர் விசித்திரமாக, யாரோ ஒருவரின் குடும்பப்பெயர்போல இருந்தால் அது அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயராகவோ ஞானத்தகப்பன் பெயராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு அது பலமுறை வழி காட்டியிருக்கிறது.

சொத்து பாகம் பிரிவதில்லை. வீடும் நிலமும் மூத்தவனுக்கு. இளையவர்களுக்குப் பட்டாளம், சர்ச், வக்கீல் தொழில், இந்தியா. இங்கே நம் மலைக்கு வந்தவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். அண்ணனுக்கு எழுதும் கடிதத்தில் பாசத்தோடு ஒரு பணிவும் இருப்பது அதனால்.

சொல்லாமல் சொல்வது

கர்ப்பம் என்று எந்த அம்மாளும் எழுத மாட்டார். சோர்வாக இருக்கிறாள், வண்டியில் போவதை நிறுத்திவிட்டாள், மார்ச்சில் நாத்தனார் வந்து தங்கப்போகிறாள். அவ்வளவுதான். இங்கிலீஷ் நாவல் ஒன்றுகூடப் படித்திராத என் மனைவி, நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, அடுப்படியிலிருந்தே “அவ முழுகாம இருக்கா, இது தெரியலையா உங்களுக்கு” என்றாள். நாலு மாதம் தள்ளிய கடிதத்தில் ஆண் குழந்தை. அன்றிலிருந்து பெண்கள் எழுதிய கடிதம் என்றால் அவளிடம் ஒருதரம் படித்துக்காட்டிவிடுவேன். நீங்களும் வீட்டுப் பெரியவர்களிடம் படித்துக்காட்டுங்கள். பேப்பரில் போட்ட விளம்பரத்தில்கூடப் பெற்றவள் பெயர் இராது. இன்ன கேப்டனின் மனைவிக்கு மகன் என்று மட்டும் இருக்கும். பிறந்து ஒரு மாதம் தாய் வெளியே வருவதில்லை. அதன்பின் சர்ச்சுக்குப் போய் நன்றி செலுத்துவது ஒரு சடங்கு. அந்தத் தேதி தெரிந்தால் பிறந்த தேதியைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

‘டிக்ளைன்’ என்று இளவயதுப் பெண்ணைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் காசநோய். கடற்கரைக்கு அனுப்பினோம், பாத் நகரத்து ஊற்றில் குளிக்கவைத்தோம் என்று தொடரும். மதராஸ் வெயிலில் கிடந்தவர்களை இதே நம்பிக்கையில்தான் நம் மலைக்கு அனுப்பினார்கள்.

கறுப்புக் கரை போட்ட தாள் துக்கத்தாள். சாவு புதிதாக இருக்கும்போது கரை அகலம், நாள் ஆக ஆகக் குறுகும். அரக்கும் கறுப்பு. உறையைப் பார்த்தவுடனேயே வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும், பிரிக்கக் கை வராது. உள்ளே சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் பட்டாணி விளைச்சலைப் பற்றி எழுதியிருந்தாலும், கரையின் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் யாரோ போயிருக்கிறார்கள்.

பணமும் வேலைக்காரர்களும்

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. கின்னி என்றால் 21 ஷில்லிங். வாடகை, குத்தகை, சம்பளம் எல்லாம் காலாண்டு கெடுவில்: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. செப்டம்பர் கடைசியில் ஒரு குடும்பம் வீடு மாறுகிறது, சமையல்காரி போகிறாள் என்றால் அதில் நாடகம் ஒன்றும் இல்லை. கெடு முடிந்தது, அவ்வளவே.

பட்டாளப் பதவியை 1871 வரை விலைக்கு வாங்கினார்கள். சாதாரணக் காலாட்படையில் அடிமட்ட ஆபீசர் பதவிக்கே அரசு விலை 450 பவுண்டு. கம்பெனிப் பட்டாளத்தில் விலை கிடையாது, டைரக்டர் ஒருவரின் சிபாரிசு வேண்டும். தூரத்து மாமா ஒருவருக்குக் குடும்பமே கிறிஸ்துமஸுக்குப் பரிசு அனுப்பிக்கொண்டிருந்தால், அவர் கம்பெனியில் யார் என்று தேடிப் பாருங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஒப்பந்தப் பத்திரம் முதலில், மோதிரம் அப்புறம். கைச்செலவுக்கு எவ்வளவு, விதவையானால் ஆண்டுக்கு எவ்வளவு என்று வக்கீல்கள் எழுதிக்கொள்வார்கள். மனைவி சம்பாதித்ததும் கொண்டுவந்ததும் சட்டப்படி அவளுடையதாகவே இருக்க 1870, 1882 சட்டங்கள் வர வேண்டியிருந்தது.

ஊட்டியிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பிய கடிதங்களில் 1870களிலிருந்து ஒரே புலம்பலாக இருக்கும். ரூபாய் விழுந்ததுதான் காரணம். நூற்றாண்டின் நடுவில் ஒரு ரூபாய் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங். மகனின் பள்ளிக்கூடத்துக்கு 100 பவுண்டு அனுப்ப 1,000 ரூபாய் போதும். 1890களின் கடைசியில் ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நாலு பென்னி. அதே 100 பவுண்டுக்கு 1,500 ரூபாய். சம்பளமோ ரூபாயில். குழந்தைகளை ஐந்தாறு வயதிலேயே சீமைக்கு அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு இது வயிற்றில் அடி.

வேலைக்காரர் பெயர்களில் ஏமாறாதீர்கள். பெரிய வீட்டுச் சமையல்காரிக்கும் வீட்டு நிர்வாகம் பார்ப்பவளுக்கும் கல்யாணம் ஆகாவிட்டாலும் மிஸஸ்தான். சம்பளம் பேசும்போது தேயிலை, சர்க்கரை, பீர் தனியாக உண்டா இல்லையா என்பதையும் பேசுவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எஸ்டேட்டில் அரிசி ரேஷனுக்கு நடந்த வாய்ச்சண்டைகள் எனக்கு நினைவுக்கு வரும்.

மலையிலிருந்து எழுதிய கடிதமென்றால் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. சீமை வாரிசுகள் எழுத்துப்பிழை என்று ஒதுக்கும் வார்த்தையை வாய்விட்டுப் படியுங்கள். ‘டப்பால்’ தபாலாகும், ‘கம்ப்ளி’ கம்பளியாகும், ‘ஷோலா’ சோலையாகும். ‘மேஸ்ட்ரி’, ‘சாட்டி’, ‘கஞ்சி’ எல்லாம் நமக்கு உரை தேவைப்படாதவை. ‘மண்டு’ என்றால் தோடர் குடியிருப்பு. அந்தச் சொல்லை வைத்தே பங்களா எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

சரிபார்ப்பது

இங்கிலாந்தில் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1ல் தொடங்கியது. அதற்கு முன் சர்ச் பதிவேடுதான். பெயரோடு கிடைக்கும் மக்கள் கணக்கெடுப்பு 1841லிருந்து. அதில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள், ஆகவே 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். உயில்கள் 1858லிருந்து ஒரே இடத்தில். இங்கே நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பலவற்றின் நகல் மதராஸ் வழியாக லண்டனுக்குப் போனது. இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கிறது.

கல்லறையைப் பார்க்க ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குப் போகிறவர்கள் காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ போங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுத்து தெரியும். சாக்பீஸ் தேய்ப்பதும் இரும்புத் தேய்ப்பானால் பாசி சுரண்டுவதும் கூடாது, கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். ஊட்டியை உண்டாக்கிய சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அங்கேதான் அடக்கம். சல்லிவன் 1841ல் இங்கிலாந்து திரும்பி, 1855ல் அங்கே இறந்தார். ஒரே குடும்பத்தின் கல்லறைகளைத் தேடும்போது இரண்டு நாட்டிலும் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

உயிலில், கடிதத்தில் இல்லாத பிள்ளைகள் வருவார்கள். ‘நேச்சுரல்’ என்று அடைமொழியோடு ஒரு மகனோ மகளோ இருந்தால், கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர். கம்பெனிக்காரர்களின் உயில்களில் இது அபூர்வமில்லை, தாய் நம் ஊர்ப் பெண்ணாகவும் இருப்பாள். அதை மறைக்காமல் மரத்தில் எழுதுங்கள். ஆனால் அந்தக் கிளையில் இன்று உயிரோடு இருப்பவர்கள் யாராவது நம் பக்கத்தில் இருந்தால், அவர்களிடம் கேட்காமல் பெயர் வெளியே போகக்கூடாது.

படி எடுக்கும்போது வரிக்கு வரி, தப்பும் தவறுமாக இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். படிக்க முடியாத இடத்தில் சதுர அடைப்பும் கேள்விக்குறியும் போடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் அதற்கடுத்து, அப்புறம் எழுதியவர் பெயர். சேர்ந்த தேதிக்குத் தனிக் கட்டம். அசல்களை அமிலமில்லாத உறையில் போட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து இரண்டடிக்கு மேலே வையுங்கள். ஜூனுக்கு முன் ஒருதரம் திறந்து பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.